புகாரில் சேர்த்த பெயர்

அவன் தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் வாசலை ஒட்டி ஒரு சுண்ணாம்புக்கல் லாரி போய்க்கொண்டிருந்தது. எங்கள் சாலையில் எந்தச் சத்தமும் தனியாகக் கேட்காது. குழந்தை அழுதாலும் சரி, கோயிலில் மணி அடித்தாலும் சரி, அதன் மேல் ஒரு லாரி ஏறிப் போய்விடும். எனக்குக் கையில்தான் தெரிந்தது. பைப் ரெஞ்சு எதிலோ பட்டது, அந்த எதுவோ உள்ளே இறங்கியது. முற்றிய பூசணியில் கத்தி இறங்கும்போது மணிக்கட்டு வரைக்கும் ஓர் அதிர்வு வருமே, அதே அதிர்வு. அவன் என் சித்தப்பா மகன். சின்ன வயதில் என் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன்.

நான் வருவாய்த்துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி சட்டம் ஒழுங்குப் பிரிவில் போயிற்று. அரிவாளோடு நின்ற இரண்டு தரப்பை மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, இனிமேல் அமைதியாக இருப்போம் என்று எழுதி வாங்குவது என் வேலை. யார் முதலில் கை நீட்டியது என்பதை எழுதாமல் விடுவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். ‘வாய்த்தகராறு கைகலப்பாக மாறியது’ என்று எழுதினால் போதும். அந்த வாக்கியத்தில் ஆளே கிடையாது. தகராறு தானாக மாறிக்கொள்ளும், கைகள் தாமாகக் கலந்துகொள்ளும். என் விஷயத்தில் அப்படி எழுத முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு கேமரா.

அரியலூருக்குப் பக்கத்தில், சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் போகும் சாலையில் என் வீடு இருக்கிறது. வீட்டுக்கு எதிரே சாலை வளைகிறது. மனைவி போன பிறகு தங்கையையும் அவள் மகளையும் என் வீட்டின் பின்பகுதியில் குடிவைத்துக்கொண்டேன். தங்கையின் கணவர் வளைகுடாவில் ஏசி பழுது பார்க்கிறார். அங்கே குளிரூட்டி அனுப்பும் பணத்தில் இங்கே மகள் பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்தாள், படித்து முடித்து பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தாள். இதை நான் அவளிடம் சொன்னபோது சிரித்தாள். நல்ல பெண். கேலியைத் தாங்குவாள்.

பூமி சூடாகிறது என்று எங்கள் பக்கத்தில் போய்ச் சொன்னால், ‘எப்ப ஆறியிருந்துச்சு?’ என்று கேட்பார்கள். அது ஒரு பெரிய இடைஞ்சல். இன்னொன்று, எங்கள் ஊர் ஏற்கெனவே ஒரு முறை கடலுக்கடியில் இருந்துவிட்டு வந்தது. தோண்டினால் நத்தைபோலச் சுருண்ட கல்லும் சிப்பியும் வரும். ‘கடல் உள்ளே வந்துவிடும்’ என்று என் மருமகள், அதாவது தங்கை மகள், ஒரு கூட்டத்தில் பேசியபோது, ‘வரட்டும், அது இருந்த வூடுதானே’ என்றார் ஒருவர். அந்தக் கடல் விட்டுப் போன சுண்ணாம்பைத்தான் வெட்டி எடுத்து, சுட்டு, மூட்டை கட்டி, ஊர் ஊராக அனுப்புகிறோம். என் வீடும் அதில் கட்டியதுதான். நான் ஒன்றும் ஓலைக் குடிசையில் உட்கார்ந்து இதை எழுதவில்லை.

வளைவில் மொபெட்டில் போன பால்காரர் மீது ஒரு லாரி ஏறியது. கால் முழங்காலுக்குக் கீழே சாலையோடு சாலையாக ஆகிவிட்டது. பாலும் ரத்தமும் கலந்து ஓடி என் வாசல் சாக்கடையில் இறங்கியது. மறியல் நடந்தது. மறியலுக்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் வருவாய் ஆய்வாளர் வருவார், அவரோடு பேச மாட்டோம் என்பார்கள். அடுத்து வட்டாட்சியர் வருவார். ‘கலெக்டர் வரணும்’ என்பார்கள். கோட்டாட்சியர் வந்ததும் கலெக்டரே வந்தமாதிரி எழுந்துவிடுவார்கள். வேகத்தடை போடப்படும் என்று வாய்மொழியாகச் சொல்லப்படும். வெயில் இறங்குவதற்குள் லாரிகள் ஓடும். அன்றும் அப்படியே நடந்தது. நான் வாசலில் நின்று ஒவ்வொரு கட்டத்தையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தேன். மருமகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“மறியல் சாயங்காலம் முடிஞ்சிரும் மாமா. கேமரா முடியாது” என்றாள்.

அவள் இருந்த சுற்றுச்சூழல் குழு ஃபோனுக்குள்ளேயே இயங்குவது, பாதிப் பேர் சென்னையில். அவர்கள் அனுப்பிய கேமராவை என் மாடியில் பொருத்தினாள். அது சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தார்ப்பாய் போடாமல் புழுதியும் கல்லும் சிந்திக்கொண்டு போகிற லாரியைத் தானாகவே பிரித்தெடுத்து, நம்பர் பிளேட்டோடு படம் பிடித்து அனுப்பும். பதிவுப் பெட்டி என் அலமாரியில் இருந்தது. அவள் அந்தப் படங்களை வாரம் தவறாமல் மேலதிகாரிகளுக்கு அனுப்பினாள், ஃபோனில் எல்லோரும் பார்க்கும்படியும் போட்டாள். மனு கொடுப்பது எப்படி, யாருக்கு நகல் வைப்பது, பதில் வராவிட்டால் எந்த மேல்முறையீடு என்பதையெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன். நடக்காது என்ற நம்பிக்கையில்தான் சொல்லிக்கொடுத்தேன். நடந்துவிட்டது. சில லாரிகளைப் பிடித்து நிறுத்தினார்கள். அதில் ஒன்று என் சித்தப்பா மகனுடையது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் அவள் அரசுத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பு முடித்து, இளநிலை உதவியாளர் வேலைக்கான ஆணைக்காகக் காத்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் எனக்குப் பிறகு அரசுக் கதவுக்குள் நுழையப் போகிறவள் அவள் ஒருத்திதான். மிச்சமிருந்தது காவல்துறை விசாரணை மட்டும். பெயரில் வழக்கு ஏதும் இல்லை என்று அவர்கள் எழுத வேண்டும். இருந்தால் ஆணை நிற்கும். வழக்கு முடிந்து வா என்பார்கள். வழக்கு முடிவதற்குள் அவள் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் தங்கை போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அவன் காலையில் வந்தான். கூடவே அவன் மச்சான், அதாவது பெண்டாட்டியின் தம்பி, லாரியில் ஜாக்கி போட வைத்திருக்கும் இரும்பு லீவரோடு வந்தான். போர் மோட்டாரைத் தூக்கிப் பைப்பு மாற்ற ஆள் வந்திருந்ததால் என் வாசல் முழுக்க சேறும் இரும்புமாகக் கிடந்தது. ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

“அண்ணே, அந்தக் கேமராவக் கழட்டிடுங்க” என்றான்.

“கேமரா என்னுது இல்லப்பா. மாடிதான் என்னுது.”

“இந்த ஆபீஸ் பேச்செல்லாம் வேணாண்ணே. வண்டிய நிறுத்திட்டானுவ.”

மருமகள் உள்ளேயிருந்து வந்தாள். “வாங்க மாமா. டீ போடட்டா?”

“என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு டீ வேற குடுக்குறியா? இந்த ரோட்டுல எம்புட்டு வண்டி போவுது. என் வண்டிதான் உன் கண்ணுல பட்டுச்சா?”

“என் கண்ணு இல்ல மாமா. தார்ப்பாய் போடாத வண்டிய அதுவா எடுத்துக்கும். அதுக்கு யாரு மாமா, யாரு மச்சான்னு தெரியாது.”

“தெரியாத ஒன்ன எதுக்குடி வூட்டு மேல ஏத்தி வச்சிருக்கீங்க?”

உறவுமுறை தெரியாத ஒன்று எங்கள் ஊரில் இதுவரை எதையும் தீர்மானித்ததில்லை. வேகத்தடை எந்த வீட்டு வாசலில் வரும் என்பதுகூட உறவில்தான் முடிவாகும்.

“தார்ப்பாய் போடுங்க மாமா, உங்க வண்டி அதுல வராது. அவ்வளவுதானே.”

“கட்டி அவுக்குறதுக்குள்ள ரெண்டு ட்ரிப்பு போயிரும். நீயா வந்து கட்டி விடுவ?”

மச்சான் லீவரைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தான். “உலகம் சூடாவுதாம்ல மாமா. வாங்க, மேல போயி ஃபேன் போட்டு விடுவோம்.”

மாடிப்படியை நோக்கிப் போனான். அவள் ஓடிப்போய்ப் படியின் குறுக்கே நின்றாள். “ஏறாதீங்க” என்றாள். சத்தம் போடவில்லை. அவன் அவளைத் தள்ளினான். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அப்போது என் சித்தப்பா மகன், அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவன், அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்துக் கீழே இழுத்தான். கன்னத்தில் அறைந்தான். மறுபடியும் அறைந்தான். அவள் சுழன்று போய் கேட்டுத் தூணில் தலை மோதி உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் ஆகாததுபோல இருந்தது. பிறகு வகிட்டிலிருந்து ரத்தம் புறப்பட்டு, மூக்கில் இரண்டாகப் பிரிந்து இறங்கியது. அவள் அதை ஆச்சரியமாக விரலில் தொட்டுப் பார்த்தாள். மேலே கேமரா நொறுங்கி விழுகிற சத்தம். கீழே என் சித்தப்பா மகன் விடவில்லை. உட்கார்ந்திருந்தவளின் தோளில் காலை வைத்து உதைத்தான். அவள் சேற்றில் ஒருக்களித்து விழுந்தாள்.

நான் குனிந்து பைப் ரெஞ்சை எடுத்தேன். நல்ல கனம். யோசித்தேனா என்றால், யோசித்தேன். தலையில் அடித்தால் கொலை முயற்சி என்பது ஞாபகம் வந்தது. தோளில் அடித்தால் போதும் என்றும் தோன்றியது. எல்லாம் தெரிந்துதான் தாடையில் அடித்தேன். அவன் வாய் ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றது. பல் ஒன்று சேற்றில் விழுந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையில் வலி இல்லை, வெட்கம் இருந்தது. பொது இடத்தில் அண்ணன் கையால் அடி வாங்கிய வெட்கம். நான் இரண்டாவது முறை கையை ஓங்கினேன். மச்சான் படியிலிருந்து குதித்து என்னைப் பின்னால் கட்டிப் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்த அடியும் விழுந்திருக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் இது பாதி உண்மைதான். பிடித்த பிடியில் என் விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது. அதுவும் எனக்கு அப்போது தெரியவில்லை. உடம்பு முழுக்க ஒரு இனிப்பு ஓடியது. அத்தனை வருடம் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார வைத்தேனே, அவர்களெல்லாம் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மாடிக் கேமராவைத் தவிர வாசலில் இன்னொரு கேமரா இருந்தது. திருடனுக்காக நான் வைத்தது. அதுவும் அதே பெட்டியில்தான் பதியும். மாடியில் இருந்ததை மட்டும் உடைத்துவிட்டுப் போனார்கள்.

அடிதடி நடந்தால் எங்கள் பக்கத்தில் அடுத்த வேலை ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பது. யார் முதலில் படுக்கிறாரோ அவர் பக்கம் புகார் முதலில் பதியும். அதனால் ரத்தம் வந்தவன் துடைக்கக்கூட மாட்டான். “முதல்ல ஆஸ்பத்திரி” என்று நான் கத்தினேன். மருமகள் கேட்கவில்லை. தலையில் துண்டை அழுத்திக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சென்னைக்கு வீடியோவை அனுப்பிவிட்டுத்தான் வருவேன் என்றாள். எங்கள் ஊரில் நெட் நத்தைபோலப் போகும். துண்டு நனைந்து சொட்டச் சொட்ட அந்தச் சின்ன வட்டம் சுற்றி முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் கட்டிலில் இருந்தான். தாடையைக் கட்டியிருந்தார்கள். போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து மச்சான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார். இவன் தலையை ஆட்டி, கையெழுத்துப் போட்டான்.

அவளுக்குத் தையல் போட்டு முடிப்பதற்குள் வளைகுடாவிலிருந்து அவள் அப்பா ஃபோன் செய்துவிட்டார். சென்னைக் குழு அந்த வீடியோவை வெளியிட்டிருந்தது. அவள் முடியைப் பிடித்து இழுப்பது, அறைவது, தூணில் மோதுவது, உதைப்பது. பின்னணியில் வயலின். என் கை ரெஞ்சைத் தொடுவதற்கு முந்தின நொடியில் முடித்திருந்தார்கள். நேர்த்தியான வேலை. அலுவலகத்தில் கோப்பைப் பாதியில் கிழித்து மேலே அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமாகக் கிழித்ததைப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் மாவட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களெல்லாம் அவளுக்காக அழுதார்கள்.

மறுநாள் முதல் தகவல் அறிக்கையின் நகல் கைக்கு வந்தது. பைப் ரெஞ்சால் தாடையில் அடித்துக் கொடுங்காயம் ஏற்படுத்தியவர் என்று அதில் என் மருமகளின் பெயர் இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை.

எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சண்டை நடந்தால் அடித்தவன் பெயரை எழுதுகிற மடையன் எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்த வீட்டில் யாருக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறதோ அவர் பெயரைத்தான் எழுதுவார்கள். விசா வந்தவன், கல்யாணம் நிச்சயமானவன், அரசு வேலையில் இருப்பவன். சண்டை நடந்த அன்று அவன் திருப்பூரில் இருந்திருந்தாலும் பரவாயில்லை. பென்ஷன் வாங்கும் கிழவன் பெயரை எழுதி என்ன பிரயோஜனம்?

காவல் நிலையத்துக்குப் போனேன். உதவி ஆய்வாளர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். எழுந்து நாற்காலி போட்டார்.

“நான்தான் அடிச்சேன்” என்றேன்.

“உக்காருங்க சார்.”

“எழுதிக் குடுக்குறேன். வாங்கிக்குங்க.”

“குடுங்க சார். வூட்டுக்கு ஒரு பெரியவரு வந்து நான்தான் அடிச்சேன்னு எழுதிக் குடுக்குறது எங்களுக்கென்ன புதுசா? போன வாரம் ஒருத்தர் வந்தாரு. டம்ளரப் புடிக்கவே கை ஆடுது. நான்தான் வெட்டுனேங்குறாரு.”

“எனக்குக் கை ஆடல.”

“தெரியுது சார். ஆனா அடி வாங்குனவரு உங்க பேரைச் சொல்லல. கேக்குறவங்க என்ன நெனைப்பாங்க? மருமகளுக்கு ஆர்டர் வரப்போவுது, மாமன் தலையக் குடுக்குறாருன்னுதான் நெனைப்பாங்க. நானும் அதான் நெனைக்கிறேன். டீ சொல்லட்டுமா?”

எல்லா நடைமுறையும் தெரிந்த ஒருவனால் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்ள மட்டும் முடியவில்லை. நான் சொன்ன உண்மை, எல்லாக் குடும்பத்திலும் பெரியவர்கள் சொல்கிற பொய் மாதிரியே இருந்தது. ஒரே வித்தியாசம், என்னிடம் பெட்டி இருந்தது.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். முழு வீடியோவையும் கொடுத்துவிடலாம், நான் அடிக்கும்போது அவள் சேற்றில் கிடப்பது தெளிவாகத் தெரிகிறது, அவள் பெயரை நீக்கித்தான் ஆக வேண்டும். தலையில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். சென்னையிலிருந்து ஒரு பையன் பேசினான்.

“அங்கிள், ஃபுல் வீடியோ வெளிய வந்தா நாம காலி. நம்ம மூவ்மென்ட் அகிம்சை வழில போறது.”

“தம்பி, நான் உங்க இயக்கத்துல உறுப்பினர் இல்ல.”

“மக்களுக்கு அது தெரியாதுல்ல அங்கிள். ஒரு அடிய வச்சு மொத்தத்தையும் அடிச்சிருவாங்க.”

“அவளுக்கு வேலை போயிடும்.”

“நாங்க லாயர் வைக்கிறோம். அவங்க இப்ப ஒரு முகம் அங்கிள்.”

அவளுக்கு ஏற்கெனவே ஒரு முகம் இருந்தது, வீங்கியிருந்தது, அவ்வளவுதான் என்றேன். அவள் ஃபோனை அணைத்தாள்.

“அது வெளிய போனா நான் பொய் சொன்னவளாயிடுவேன் மாமா.”

“பொய்தானே?”

“பொய் இல்ல. பாதி. வேலை போனா போவுது. மறுபடி எழுதுவேன். இந்த ரோட்டுல எத்தினி பேரு காலு போச்சு, தலை போச்சு. மொத தடவையா வெளியூர்க்காரன் நம்மளத் திரும்பிப் பாக்குறான். நீங்க உள்ள போயி உக்காந்து அதையும் கெடுக்கப் போறீங்களா? உங்க வயசுக்கு ஜெயிலு தாங்குமா?”

என் தங்கை கதவோரம் நின்றிருந்தாள். மகள் எழுந்து உள்ளே போன பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அவ கெடக்குறா. பேரை மட்டும் எடுத்து வுட்டுருண்ணே. எப்படியாச்சும்.” எப்படியாச்சும் என்றால் எப்படி என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மருமகள் கட்டு மாற்றப் போயிருந்தபோது பெட்டியைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கொடுத்ததற்கு ஒப்புகை கேட்டு வாங்கினேன். இது என் வீட்டில் பதிவானது, இதில் எதையும் நான் மாற்றவில்லை என்று சான்றும் எழுதிக் கொடுத்தேன். உதவி ஆய்வாளர் ஓடவிட்டுப் பார்த்தார். ரெஞ்சு இறங்குகிற இடத்தில் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

“சார்” என்றார். பிறகு, “ரெண்டாவதுக்கும் ஓங்குறீங்க” என்றார்.

“ஆமா.”

“இது இல்லாம குடுத்திருக்கலாமே.”

“வெட்டிக் குடுக்கத் தெரியாது” என்றேன்.

அவள் பெயர் வழக்கிலிருந்து எடுக்கப்பட்டது, என் பெயர் ஏறியது. சித்தப்பா மகன் மீதும் மச்சான் மீதும் எதிர்வழக்கு பதிவானது. என்னைக் கிளைச்சிறைக்கு அனுப்பினார்கள். ஜாமீன் வரும்வரை விலாவைப் பிடித்துக்கொண்டு அங்கே படுத்திருந்தேன். ஒரு செயின் பறிப்புக்காரன் எனக்குச் சோற்றுத் தட்டை எடுத்துக் கொடுத்தான். என்ன வழக்கு என்று கேட்டான். சொன்னேன். ‘இந்த வயசுல நல்ல கைதான் பெருசு’ என்றான். எந்தப் பாராட்டு விழாவிலும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அது என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

நான் வெளியே வருவதற்குள் முழு வீடியோ எப்படியோ ஊருக்குள் வந்திருந்தது. இந்த முறை வயலின் இல்லை, குத்துப்பாட்டு. என் கை இறங்குவதை மெதுவாக ஓடவிட்டு, பல் விழும் இடத்தில் நிறுத்தி, வட்டம் போட்டிருந்தார்கள். அவளுக்காக அழுத அதே ஆட்கள் இப்போது அவளைத் திட்டினார்கள். அவள் முகத்தைப் பன்றியின் முகத்தில் ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்து வெட்டுவோம் என்று எழுதினார்கள். அப்படி எழுதியவர்களில் ஒருவன் என் பழைய அலுவலக நண்பரின் மகன். சென்னைக் குழு, அவளுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அறிவித்தது. வளைவில் லாரிகள் தார்ப்பாய் இல்லாமல் போகின்றன. மாடியில் கேமரா இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் இருக்கின்றன.

அவள் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

“என்னைக் கேட்டிருக்கலாம் மாமா.”

கேட்டேன், வேண்டாம் என்றாய் என்று சொல்ல வாயெடுத்தேன். சுரங்க விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்குமே, அப்படிப் பல கூட்டங்களுக்கு நான் பந்தல் முதல் மைக் வரை ஏற்பாடு செய்திருக்கிறேன். ஊரே திரண்டு வேண்டாம் என்று சொல்லும். ஒரு சொல் விடாமல் பதிவு செய்வோம். பிறகு முன்பே முடிவானது நடக்கும். என் வீட்டில் நான் நடத்தியதும் அந்தக் கூட்டம்தான்.

காவல்துறை விசாரணை சுத்தமாகப் போயிற்று. ஆணை வந்தது. பெரம்பலூர் பக்கம் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள். தங்கை ஞாயிறுகளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். எனக்கு என்று எதுவும் சொல்லி அனுப்புவதில்லை.

வழக்கும் எதிர்வழக்கும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே நாளில் எடுக்கப்பட வேண்டும். அதனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானும் அவனும் ஒரே வராந்தாவில்தான் உட்கார வேண்டும். முதல் சில வாய்தாக்களில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தோம். போன முறை கூட்டம் அதிகம். இருந்த ஒரே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். மச்சான் இல்லை, வண்டிக்குப் போயிருப்பான். அவன் வாய் இன்னும் நேராகவில்லை. ஒரு பக்கமாகத்தான் பேசுகிறான். பிஸ்கட்டை டீயில் ஊறவைத்து வலது பக்கமாக மென்றுகொண்டிருந்தான்.

“பாப்பா வேலைக்குச் சேந்துட்டாளாமே” என்றான்.

“சேந்துட்டா.”

“நல்லது.” ஒரு பிஸ்கட்டை முடித்தான். “அவ அடிக்கலன்னு எனக்குத் தெரியும்ணே.”

“தெரியாம எப்படி இருக்கும்? நான் உன் முன்னாடிதானே நின்னேன்.”

“மச்சான் சொல்லிக்கிட்டே இருந்தான், அவ பேரைப் போட்டாத்தான் கேமரா அடங்கும்னு. ஆனா அதுக்காக நான் கையெழுத்துப் போடல.” வாயைத் துடைத்துக்கொண்டான். “போலீஸ்காரரு யாரு அடிச்சதுன்னு கேட்டாரு. உங்க பேரைச் சொல்ல மனசு வரலண்ணே. எப்படி வரும்? பெரியவுங்க நீங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல எப்படி மூஞ்சில முழிக்கிறது? அதான் மச்சான் அவ பேரைச் சொல்லும்போது தலைய ஆட்டிட்டேன்.”

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். பொய் சொல்லவில்லை. அது அவன் முகத்திலேயே தெரிந்தது. ஒரு பெண்ணின் முடியைப் பிடித்து இழுத்தவன், எனக்கு வைத்த மரியாதைக்காக அவள் வேலையையும் இழுத்துப் போடப் பார்த்திருக்கிறான். அதை எனக்குச் செய்த உதவியாக நினைத்துக்கொண்டு, இத்தனை நாள் நான் நன்றி சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறான். அவன் தாடையின் இடது பக்கம், பிளேட் வைத்துத் தைத்த இடம், என் கைக்கு எட்டும் தூரத்தில் அசைந்துகொண்டிருந்தது. என் விரல்கள் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தன. விட்டால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

உள்ளிருந்து எங்கள் இரண்டு வழக்குகளையும் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்தோம். வாசற்படியில் அவன் ஒதுங்கி நின்றான்.

“நீங்க முன்னாடி போங்கண்ணே” என்றான்.

போனேன்.